திருகோணமலையிலிருந்து சிங்கப்பூருக்கு: பாடசாலை பாண்ட் குழுவின் இசைப் பரிமாற்றப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

பாண்ட் குழுவை வெளிநாட்டுக்குக் கூட்டிச் செல்லலாம் என்று யாராவது சொன்னதும் கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு பணத்தைப் பற்றியதாகவே இருக்கும். பணம் பெரும்பாலும் எப்படியோ சேர்ந்துவிடும். பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, கனடாவிலும் லண்டனிலும் ஊர்க்காரர் இருக்கிறார்கள். பயணங்களைக் கடைசி நேரத்தில் கவிழ்ப்பவை இரண்டு பட்டியல்கள்: ஆட்களின் பெயர்ப்பட்டியலும் வாத்தியங்களின் பட்டியலும். கடவுச்சீட்டு, ரிக்கெட், காப்புறுதி, சுங்கம், மேடை எல்லாமே இவை இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன. முதல் வாரத்திலேயே இரண்டையும் தொடங்கி, ஒவ்வொன்றையும் ஒரே ஒருவரின் பொறுப்பில் விடுங்கள். இரண்டு பேரிடம் இரண்டு பிரதிகள் இருந்தால் எது புதியது என்பது ஒருவருக்கும் தெரியாது.

முதற் பயணத்துக்குச் சிங்கப்பூர் தோதான இடம். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்குக் குறுகிய கால வருகைக்கு அங்கே விசா தேவையில்லை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பாடசாலை பாண்டுகளும் தரமானவை. சென்னைக்குச் செலவு குறையும், ஆனால் இந்தியாவுக்கு எல்லோருக்கும் விசா எடுக்க வேண்டும். முதல் தடவைக்கு மாணவர் 24 முதல் 28 பேர், பெரியவர் நால்வர் போதும். மாணவிகள் போனால் அந்த நால்வரில் இருவராவது ஆசிரியைகளாக இருக்க வேண்டும்.

எந்த மாதம்

நமக்கு விடுமுறையாகவும் அவர்களுக்குப் பாடசாலை நாளாகவும் இருக்கும் வாரத்தைத்தான் தேட வேண்டும். பலர் இதைத் தலைகீழாக யோசித்து, இரு பக்கமும் விடுமுறையான மாதத்தைத் தெரிவு செய்கிறார்கள். போய்ச் சேர்ந்தால் கூட வாசிக்க ஆளில்லை. சிங்கப்பூரில் ஜூன் மாதமும் நவம்பர் நடுப்பகுதிக்குப் பிந்திய வாரங்களும் நீண்ட விடுமுறை. மார்ச்சிலும் செப்ரெம்பரிலும் ஒவ்வொரு வாரம். ஏப்ரலை ஒட்டிச் சிங்கப்பூர் இளையர் விழாவின் மேடை நிகழ்வுகள் வருவதால், அப்போது எந்த பாண்டும் விருந்தாளியை விரும்பாது. ஓகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய தினம். அதற்கு முந்திய நாட்களும் சிக்கலானவை. ஆக, நம்முடைய ஓகஸ்ட் விடுமுறையின் பிற்பகுதிதான் பொதுவாகப் பொருந்தும். அந்த ஆண்டுத் தவணை நாட்காட்டியை மட்டும் முதலில் சரிபாருங்கள்; நம்முடைய தவணைகள் இடம் மாறுவது புதிதல்ல. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர்களைச் சேர்ப்பதா இல்லையா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். பெயர் எழுதிய பிறகு ஒரு பிள்ளையை நீக்குவது மனவருத்தத்தில்தான் முடியும்.

அழைப்புக் கடிதமும் அனுமதியும்

பத்து மாதத்துக்கு முன்பே சிங்கப்பூர்ப் பாடசாலைகளுக்கு எழுதத் தொடங்குங்கள். குழுவின் பத்து நிமிட வீடியோ, வாத்திய எண்ணிக்கை, வயதெல்லை, வர விரும்பும் வாரம் ஆகிய நான்கும் ஒரே மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வீடியோ விளையாட்டுப் போட்டி அணிவகுப்பாக இருக்கக்கூடாது; உட்கார்ந்து வாசிப்பதைத்தான் அங்குள்ள பாண்ட் ஆசிரியர் பார்க்க விரும்புவார். ஏற்பவரைத் தேடும்போது சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் போன்ற அமைப்புகளுக்கும் எழுதலாம். அறிமுகம் செய்துவைப்பது அவர்களால் முடியும். அழைப்பு மட்டும் பாடசாலையிலிருந்தே வர வேண்டும்.

அழைப்புக் கடிதத்தில் திகதிகள், தங்குமிடம், நாளாந்த நிகழ்ச்சி நிரல், எந்தச் செலவு யாருடையது, அங்கே பொறுப்பான ஆசிரியர் யார் என்பவை தெளிவாக இல்லையென்றால் கோப்பு நகராது. மாகாணப் பாடசாலை என்றால் அதிபர் வழியாக வலயக் கல்வி அலுவலகம், பிறகு மாகாணக் கல்வித் திணைக்களம், பிறகு அமைச்சு என்று அது போகும். தேசிய பாடசாலை நேரடியாக இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சுக்கு எழுதும். கிழக்கு மாகாண அலுவலகங்கள் திருகோணமலை நகரிலேயே இருப்பது நமக்குள்ள வசதி. மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளுக்கு அது இல்லை. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். ஆசிரியர்களின் வெளிநாட்டு விடுமுறைக்கு வேறு விண்ணப்பம் உண்டு. மாணவர் அனுமதி வந்த பிறகு அதைத் தொடங்கினால், பிள்ளைகள் தயாராக நிற்க ஆசிரியர் போக முடியாத நிலை வரும்.

பெயர்ப்பட்டியல்

பட்டியலில் பெயரை எழுத வேண்டியது வகுப்பு இடாப்பைப் பார்த்தல்ல, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்து. இடாப்பில் ‘க. தர்ஷினி’ என்றிருக்கும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுமையாக விரியும். ஆங்கில எழுத்துக்கூட்டல் அடுத்த தலைவலி. ‘த’வுக்கு ஒரு ஆவணத்தில் ரீ–எச், இன்னொன்றில் டி–எச். தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ரிக்கெட், காப்புறுதி நான்கிலும் ஒரே எழுத்துகள் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் அதன் படப் பக்கத்தைப் பார்த்தே ரிக்கெட்டுக்குப் பெயர் கொடுங்கள். தொலைபேசியில் பெயர் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

15 வயது நிறைந்தவர்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் மூலம் போகிறது. 16 வயதுக்குக் குறைந்தவர்களின் கடவுச்சீட்டுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. இந்த இடத்தில்தான் நம் மாவட்டப் பிள்ளைகள் பலர் தடைப்படுகிறார்கள்: தந்தை கட்டாரிலோ சவூதியிலோ வேலையில் இருப்பார். அவருடைய கையொப்பத்தை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வாரக்கணக்கில் ஆகும். தந்தையோ தாயோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பட்டியலில் முதல் நாளே நிறமிட்டுக் குறித்து, அவர்களுடைய வேலையை முதலில் தொடங்குங்கள். படம் அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோவில் எடுக்கப்பட வேண்டும். வேறு படம் செல்லாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கிளைகளில் நமக்குக் கிட்டியது வவுனியா, ஏறத்தாழ 100 கி.மீ. முன்பதிவில்லாமல் வான் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

பிள்ளை பெற்றோரின்றிப் பயணிப்பதால், ஒவ்வொருவருக்கும் பெற்றோரின் சம்மதத்தைச் சத்தியக் கடதாசியாக எடுத்து, ஆங்கிலப் பிரதியோடு கோப்பில் வையுங்கள். தமிழிலுள்ள பிறப்புப் பத்திரத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பெயர்ப்பும் எடுங்கள். கேட்காமலே விடக்கூடும், கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

இதே பட்டியலில் உணவு (சைவம், ஹலால், ஒவ்வாமை), மருந்து, பயணத்தில் வாந்தி வருமா என்ற மூன்று நிரல்களையும் சேர்த்துவிடுங்கள். நித்திரை மாத்திரை, கொடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன்அனுமதி வேண்டிவரலாம். வைத்தியரின் ஆங்கிலக் கடிதமின்றி எந்த மருந்தையும் எடுக்காதீர்கள்.

வாத்தியப்பட்டியல்

நிரல்கள்: வாத்தியம், தயாரிப்பு நிறுவனம், தொடர் இலக்கம், பெட்டியின் நீள அகல உயரம், பெட்டியோடு நிறை, வாசிப்பவர், பாடசாலையின் பொருட்பதிவேட்டு இலக்கம். ட்ரம்பெட்டின் தொடர் இலக்கம் பெரும்பாலும் நடு வால்வின் உறையில் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் இலக்கம் தெரியப் படமெடுங்கள். பாடசாலை வாத்தியம் அரச சொத்து; பதிவேட்டிலிருந்து வெளியே கொண்டுபோக அதிபரின் எழுத்து அனுமதி வேண்டும். இந்தப் பட்டியலைப் பாடசாலை முத்திரையோடு, புறப்படும்போதே கட்டுநாயக்க சுங்கத்தில் காட்டி ஒப்பமிடுவித்துக்கொண்டால், திரும்பி வரும்போது பளபளக்கும் சாக்ஸபோன் எங்கே வாங்கியது என்ற கேள்வி எழாது. ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிக ஏற்றுமதி ஆவணமும் உண்டு. ஆனால் அதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும். கைப்பெட்டியளவு வாத்தியங்களுக்கு அது மிகை. தேவையா என்று சுங்கத்திடம் ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

எதைக் கொண்டுபோவது, எதை அங்கே இரவல் வாங்குவது? டியூபா, பேஸ் ட்ரம், ட்ரம் செற், ரிம்பனி, ஸ்டாண்டுகள் அனைத்தும் இரவல். டியூபா கடினப் பெட்டியோடு 20 கிலோவைத் தாண்டும். விமான நிலையங்களில் ஒரு பொதி 32 கிலோவுக்கு மேற்பட்டால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். நீள அகல உயரக் கூட்டுத்தொகை 158 செ.மீ.ஐத் தாண்டினாலும் அளவு மீறிய பொதிக்கான கட்டணம் வரலாம். ஆனால் ஊதுவாயை மட்டும் ஒவ்வொருவரும் தம்முடையதையே கொண்டுபோக வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ட்ரொம்போனிலும் யூபோனியத்திலும் ஊதுவாய்த் தண்டு சிறியது, பெரியது என வேறுபடும். சிறிய தண்டு பெரிய குழாய்க்குள் போய் ஆடும். பெரிய தண்டு சிறிய குழாயில் நுழையாது. இரவல் வாத்தியத்தின் மாதிரி இலக்கத்தை முன்பே கேட்டு, தேவையானால் இடைப்பொருத்தி வாங்கி வையுங்கள். டியூபா எந்த அடிப்படைச் சுரத்துக்கு அமைந்தது, பீ–பிளாற்றா, ஈ–பிளாற்றா, சீயா என்பதையும் கேளுங்கள், விரலிடுதல் மாறும்.

வால்வ் எண்ணெயில் பல வகை பெற்றோலிய எண்ணெய்கள். தீப்பற்றும் திரவமென்று பொதியில் இருந்தே எடுத்துவிடுவார்கள். அங்கே போய் வாங்குவதே சுலபம். ஸ்லைடுக்கு (சுருதிக்காக இழுக்கவும் தள்ளவும் கூடிய குழாய்த்துண்டு) இடும் கிறீஸ் பிரச்சினையில்லை. குறடு, ட்ரம் குச்சிகள், மிருதங்கத்தின் கல்லும் மரக்கட்டையும் அனுப்பும் பொதிக்குள். கைப்பையில் வைத்தால் பறிபோகும். மாறாக, பவர் பாங்க்கும் மற்ற லித்தியம் பற்றரிகளும் கைப்பையில்தான். பாண்ட் தலைவரின் வாளை வீட்டில் விடுங்கள், தடி மட்டும் போதும். காவடி, கும்மி ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் மயிலிறகும் சங்கும் வேண்டாம். வனவிலங்கு, கடற்றொழில் விதிகளில் சிக்குவீர்கள்.

பொதி செய்யும்போது வாத்தியத்துக்கும் பெட்டிக்கும் இடையே அசைவே இருக்கக்கூடாது. பெட்டி விழுவதைவிட உள்ளே வாத்தியம் ஆடுவதுதான் வால்வை வளைக்கிறது. இடைவெளியில் சீருடைச் சட்டைகளைச் சுருட்டி அடையுங்கள். ஊதுவாயை வாத்தியத்திலிருந்து கழற்றித் துணியில் சுற்றுங்கள். பூட்டியபடி அனுப்பினால் ஒரு தட்டிலேயே இறுகிவிடும். சாக்ஸபோனின் கழுத்துத் துளைக்கு அடைப்பானைப் போட மறக்காதீர்கள். எல்லா ஸ்லைடுகளும் கையால் அசைகின்றனவா என்று ஆறு வாரம் முன்பே சோதியுங்கள். உப்புக்காற்றில் இருக்கும் நம் வாத்தியங்களில் இரண்டாம் வால்வு ஸ்லைட் பச்சை பிடித்து ஒட்டியிருப்பது வழக்கம். பலவந்தமாக இழுத்தால் குழாய் கிழியும். கொழும்புக்குத் திருத்த அனுப்பவே அந்த ஆறு வாரம்.

சுருதி: ஊரில் சரி, அங்கே பிசகு

மேடையில் நடக்கும் பெரும் சங்கடம் இதுவே. அதற்குக் காரணம் பயிற்சிக் குறைவு அல்ல, வெப்பநிலை. நம் குழுக்கள் 30 பாகையைத் தாண்டிய வெக்கையில், ஜன்னல் திறந்த மண்டபத்தில் பயிற்சி செய்கின்றன. அங்குள்ள மண்டபம் 22, 23 பாகையில் இருக்கும். காற்று வாத்தியங்களில் ஒவ்வொரு பாகைக்கும் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் மாறும் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). எட்டு பாகை குறைந்தால் கணக்குப்படி 24 சென்ட் இறங்கும். ஊதும் மூச்சு உள்ளே சூடாக்குவதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும், ஆனாலும் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். இதற்கு மேல், ஏ சுரத்தை 440 ஹேர்ட்ஸில் வைப்பதா 442 இல் வைப்பதா என்ற வேறுபாடு இன்னும் 8 சென்ட்.

ஆகவே புறப்படுமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முதலில் அவர்களின் சுருதி எது என்று கேளுங்கள். நம் மண்டப வெக்கையில் ஒவ்வொரு ட்ரம்பெட்டையும் அந்தச் சுருதிக்கு இழுத்து வைத்து, பிரதான ஸ்லைட் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளக்கவும். ஒன்றரைச் சென்ரிமீற்றராவது வந்திருக்க வேண்டும். குளிரில் 24 சென்ட் ஏற்ற, ஸ்லைடை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உள்ளே தள்ள வேண்டிவரும். அதற்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. ஊரிலேயே ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளி வாசிக்கிற பிள்ளைக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. அந்தப் பிள்ளையின் உதட்டுப் பிடியை இப்போதே திருத்துங்கள். கிளாரினெட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் குறைந்த கழுத்துத்துண்டு ஒன்று உதவும். கடைசி மாதத்தில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் இரண்டு ஒத்திகையாவது வையுங்கள். வாடகைப் பணம் வீண் போகாது.

மிருதங்கம், தவில் சேர்ந்தால் நிலைமை எதிர்ப்பக்கம் ஓடும். வறண்ட குளிர்காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும். பித்தளைகள் இறங்க, மிருதங்கம் ஏற, இரண்டும் இரண்டு பக்கமாய்ப் பிரியும். மிருதங்கத்தை நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரம் முன்பே அந்த மண்டபத்துக்குள் வைத்துவிட்டு, தோல் அடங்கிய பிறகு தட்டிச் சரிசெய்யுங்கள். விடுதி அறையில் சரிசெய்தது மேடையில் நிற்காது. பறையை நெருப்பில் காய்ச்ச எந்த மண்டபமும் விடாது. தலைமயிர் உலர்த்தும் கருவி போதும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டும் ரவை சிராங்கூன் சாலையில் தாராளமாகக் கிடைக்கும்.

கூட்டு உருப்படிக்கு எந்தச் சுருதி என்றால், ஈ–பிளாற், அதாவது நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. பாண்டுக்கு அது கைவந்த சுருதி: ட்ரம்பெட் எஃப் மேஜரிலும் ஆல்ட்டோ சாக்ஸபோன் சீ மேஜரிலும் வாசித்தால் போதும். நாதஸ்வரமும் மிருதங்கமும் இரண்டரைக்கு வசதியாக வரும். மோகனம், ஹம்ஸத்வனி இரண்டும் மேஜர் அளவின் சுரங்களுக்குள் அடங்கும் ராகங்கள் என்பதால் அவர்களுடைய மாணவர் இரண்டு ஒத்திகையில் பிடித்துக்கொள்வார்கள். கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) நிறைந்த ராகத்தைப் பித்தளை வால்வுகளுக்குக் கொடுத்துப் பார்க்க இது நேரமல்ல. ஆதி தாளம் நான்கு நான்காக எழுதப்படும். மிஸ்ர சாபுவை 3+2+2 என்று கோடிட்டு எழுதிக்கொடுங்கள்.

உருப்படிகள்

நம் நிகழ்ச்சி 35 நிமிடம், கூட்டாக இரண்டு உருப்படிகள். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். இசைப் பிரதிகள் பன்னிரண்டு வாரம் முன்பே கைமாற வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் அளவிலக்கம் (பிரதியில் கோடிட்டுப் பிரித்த ஒவ்வொரு தாளக் கட்டத்தின் எண்) இருக்க வேண்டும். அது இல்லாமல் ஒத்திகையில் பாதி நேரம் ‘எங்கிருந்து?’ என்பதிலேயே போகும். நம் பாண்டுகளில் யூபோனியக்காரர் பலர் ட்ரெபிள் கிளெஃப் (மேற்சுரங்களுக்கான எழுத்துமுறை) படித்துப் பழகியவர்கள். அங்குள்ள பிரதிகள் பேஸ் கிளெஃபில் (கீழ்ச்சுரங்களுக்கான எழுத்துமுறை) இருக்கும். யூபோனியத்துக்கு இரண்டு வகையும் அநேகமாகத் தொகுப்பில் வரும், டியூபாவுக்கு வராது. அதை இங்கேயே மாற்றி எழுதி எடுத்துப் போங்கள். சிங்கப்பூர்த் தேசியகீதம் வாசிப்பதானால், 2001 முதல் அதன் அதிகாரபூர்வச் சுருதி எஃப் மேஜர். பழைய ஜி மேஜர்ப் பிரதிகளும் உலவுகின்றன, கவனம். பிரதியை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம்

வசூல் அனைத்தும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அங்கீகாரத்தோடு, பற்றுச்சீட்டோடு. ஒரு ஆசிரியரின் சொந்தக் கணக்குக்குள் ஒரு ரூபாவும் போகக்கூடாது. வெளிநாட்டு அன்பளிப்பு என்றால் இரட்டிப்புக் கவனம். விமான நிறுவனங்கள் பொதுவாகப் பத்துப் பேருக்கு மேற்பட்டால் குழுக்கட்டணம் தருகின்றன: முற்பணம் கட்டி இடம் பிடித்து, பெயர்களைப் பின்னர் கொடுக்கலாம். மேலதிகப் பொதி நிறையை அந்தப் பேரத்திலேயே கேட்டு வாங்குங்கள்; விமான நிலையத்தில் கட்டுவது பல மடங்கு. மொத்தத்தில் நூற்றுக்கு 15ஐத் தொடாமல் ஒதுக்குங்கள். கட்ட முடியாத பிள்ளையின் பங்கைச் சங்கம் ஏற்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானமாக எழுதுங்கள், பெயர் குறிப்பிடாமல்.

புறப்படும் நாள்

சிங்கப்பூர் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. ரிக்கெட்டில் 20 ஆம் திகதி 00:50 என்றிருந்தால், கட்டுநாயக்காவில் நிற்க வேண்டியது 19 ஆம் திகதி இரவு. பெற்றோருக்குக் கொடுக்கும் கடிதத்தில் ‘19 இரவு’ என்றே எழுதுங்கள். மதியம் ஒரு மணிக்குப் பஸ் கிளம்பினால் கந்தளாய், ஹபரணை வழியை வெளிச்சத்திலேயே கடக்கலாம். இரவில் அந்தத் துண்டில் யானை வீதிக்கு வரும். தம்புள்ளை, குருநாகல் வந்து, அங்கிருந்து நீர்கொழும்புப் பக்கமாகத் திரும்பினால் கொழும்பு நெரிசலுக்குள் போக வேண்டியதில்லை. ஆறு மணி நேரம் ஓட்டம், ஒரு மணி நேரம் சாப்பாடு, மீதி கைவசம். வாத்தியங்கள் அதே பஸ்ஸின் பின் ஆசனங்களில். தனி லொறி விட்டால் அது தனியாகப் பழுதாகும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில், இறங்கும் நாள் உட்பட மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம்; பணம் கேட்கும் தளம் போலி. விசா இல்லை என்பதற்காக உள்ளே விடுவது உறுதி என்று நினைக்க வேண்டாம். அழைப்புக் கடிதம், திரும்பும் ரிக்கெட், விடுதிப் பதிவு மூன்றின் பிரதியும் ஒவ்வொரு பெரியவரிடமும் இருக்கட்டும். குழு பிரிந்து வெவ்வேறு வரிசைகளில் நிற்கும். சுவிங்கம், வெற்றிலையோடு போடும் புகையிலை, மின்சிகரெட் எவருடைய பையிலும் இருக்கக்கூடாது. இது மாணவர்களுக்கு மட்டும் சொல்லும் விதியல்ல. கருவாடு, மாசி வேண்டவே வேண்டாம். சீருடைப் பெட்டியைத் திறந்தால் விளங்கும்.

அங்கே

விடிகாலையில் இறங்குவீர்கள், நேரம் இரண்டரை மணி முன்னே போயிருக்கும், ஒருவரும் தூங்கியிருக்கமாட்டார்கள். அன்று ஒத்திகை வைக்காதீர்கள். வாத்தியங்களைத் திறந்து பார்ப்பது, இரவல் வாத்தியத்தில் ஊதுவாய் பொருந்துகிறதா என்று பார்ப்பது, தூக்கம். இரண்டாம் நாள் பிரிவு வாரியாக: நம் ட்ரம்பெட்டுகள் அவர்களின் ட்ரம்பெட்டுகளோடு. பிள்ளைகள் உண்மையில் கற்பது இந்த மணித்தியாலங்களில்தான்; ஒரே பிரதிக்கு இருவர், ஒருவர் நம்மவர், ஒருவர் அவர்கள். மூன்றாம் நாள் முழு ஒத்திகை, நான்காம் நாள் மேடை, ஐந்தாம் நாள் ஊர் பார்த்தல். வீடுகளில் தங்கவைக்கிறோம் என்று சொன்னால் நன்றி சொல்லி மறுத்து, எல்லோரும் ஒரே விடுதியில் தங்குங்கள். இரவு பத்து மணிக்கு ஆளெண்ணவும் அதிகாலையில் காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்க்கவும் அதுதான் வழி. பொது இடத்தில் வாசிப்பதற்கு அங்கே உரிமம் வேண்டும். அதை எடுப்பது அழைத்த பாடசாலையின் வேலை. எடுத்தாயிற்றா என்று கேட்பது உங்கள் வேலை.

அவர்கள் இங்கே வரும்போது

பரிமாற்றம் என்றால் மறுபாதி திருகோணமலையில் நடக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பாடசாலைகள் டிசெம்பர் விடுமுறையைச் சொல்லும், ஏற்காதீர்கள். வடகீழ்ப் பருவமழை அப்போது நம் கரையில்தான். ஜூன் நல்லது: அவர்களுக்கு விடுமுறை, நமக்குத் தவணை நடக்கும் காலம், கடலும் அடங்கியிருக்கும். இரவல் கொடுக்க நம்மிடம் எத்தனை டியூபா, எத்தனை ஸ்டாண்ட் என்பதை அழைப்பில் எழுதுங்கள். இங்கே சுருதி அவர்களுக்கு மேலே ஏறும். ஸ்லைடை வெளியே இழுக்கச் சொல்லி முன்கூட்டியே ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மண்டபத்துக்கு நான்கு மின்விசிறிகளையும் ஒழுங்கு செய்யுங்கள், காற்று பிரதிகளைப் புரட்டாதபடி ஸ்டாண்டுகளுக்குத் துணிக்கவ்விகளோடு.